கண்ணாடித் துணியை அலசியவர்

மருதமுனையில் அவரைப் பற்றி விசாரித்தால் நல்ல மனிதர் என்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். என் ஊர்ச் சாய்ந்தமருதுக்காரன் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன், ஏனென்றால் அவனுக்கு என் தங்கச்சியையும் தெரிந்திருக்கும்.

புதுத் துணியை அவர் அலசாமல் உடுத்தமாட்டார். இடுப்பில் கட்டும் சாரன், சட்டை, துவாய் எதுவானாலும் கடையிலிருந்து வந்ததும் முதலில் வாளிக்குள் போகும். சுடுதண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள், ஒரு கசக்கு, தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் ஒரு கசக்கு. வாளித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கினால் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி. "பாத்தியா, எல்லாம் கஞ்சி" என்பார். பெருநாளைக்கு ஊரே மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் பள்ளிவாசலுக்கு வரும்போது இவர் மட்டும் ஒரு வருடம் உடுத்ததுபோல் தொய்ந்த சட்டையில் வந்து நிற்பார். ஹஜ்ஜுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியையும் அலசித்தான் கொண்டுபோனாராம்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் தறியில் உட்கார்ந்தவர். நூலைக் குறைத்து நெய்துவிட்டு, கஞ்சியை அள்ளிப் போட்டு விறைப்பாக்கி, நல்ல துணியென்று தலையில் கட்டுகிற வித்தையை உள்ளே இருந்து பார்த்தவர். அந்தத் தொழிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. முதுகை முறித்த சனியன் என்றுதான் சொல்வார். தறியை விட்டு வந்தாலும் அதிலிருந்து ஒரு சந்தேகத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். விறைப்பாக இருக்கும் எதையும் நம்பமாட்டார், மனிதரையும் சேர்த்துத்தான். நாங்கள் ஒன்றாக வேலை செய்த வெளிநாட்டில் புதிதாக ஓர் இன்ஜினியர் வந்து எங்கள் முன்னால் நின்று நீட்டி முழக்கிவிட்டுப் போனால், "ரெண்டு அலசு அலசினாத் தெரியும்" என்பார். நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். அப்படிச் சிரித்த வாயை இன்றைக்கு அடிக்கலாம் போல இருக்கிறது.

இன்னொரு குணமும் உண்டு. அவர் யாரிடமும் ஒன்றையும் கேட்கமாட்டார். விடுமுறை நாளில் டவுனுக்குப் போய்ப் பாதை மாறிவிட்டால், வெயிலில் ஒரு மணித்தியாலம் நடப்பாரே தவிர, எதிரே வருகிற மலையாளியிடம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கமாட்டார். கேட்டால் குறைந்துபோய்விடுவோம் என்ற எண்ணம் இல்லை. கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றாது. எல்லாவற்றையும் விரலுக்கிடையில் வைத்து உரசிப் பார்த்து அவரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

நாங்கள் சந்தித்தது அரபு நாட்டில், எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ஆலைக்குக் குழாய் போடுகிற வேலையில். நான் இலங்கையின் சாய்ந்தமருதுக் கடற்கரையில் பைபர் போட் ஒட்டிச் செய்துகொண்டிருந்தவன். ரெசின் பசையும் கண்ணாடி நாரும் எனக்குச் சோறு போட்ட சாமான்கள். அவர் நெசவாளி. இரண்டு பேரையும் ஏஜென்சிக்காரன் ஒரே பட்டியலில் போட்டு அனுப்பியிருந்தான். என்னை விடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டேன்.

போட் ஒட்டுகிறவனுக்கும் நெசவாளிக்கும் எண்ணெய்க் குழாயில் என்ன வேலை என்று உம்மா கேட்டார். எனக்கும் போன பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் அந்தப் பாலைவனத்தில் இரும்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தோண்டி எடுத்த பழைய குழாய்களை முகாமுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். ஆகப் பழையதுக்குத் தாரைப் பூசி, அதன்மேல் நார்ப் பட்டி சுற்றியிருந்தது. அடுத்து வந்தவற்றுக்கு ஒரு தூளைச் சூட்டில் உருக்கிப் பச்சை நிறத்தில் தோல்போலப் படிய வைத்திருந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்தத் தூளின் மேல் பசை, பசையின் மேல் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் என்று மூன்று தோல். இரும்பும் மாறித்தான் இருந்தது. பிந்தி வந்த குழாய்கள் மெல்லிசு, ஆனால் பழையதைவிடப் பலம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடத் திறமாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் நோய் வெளியில் இல்லை. எண்ணெயோடு கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரும் வரும், அழுகின முட்டை மணக்கிற ஒரு வாயுவும் வரும். இரண்டும் சேர்ந்து இரும்பை உள்ளுக்குள்ளால் தின்னும். மூன்று தோல் போர்த்திய குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே கறையான் அரித்த கதவுதான். துருப்பிடிக்காத இரும்பும் உண்டாம், ஆனால் அதை நீளத்துக்குப் போட்டால் எண்ணெய் விற்ற காசு குழாய்க்கே போய்விடும் என்றார்கள். அதனால்தான் கண்ணாடிக்கு வந்தார்கள். கண்ணாடியை நூலாக இழுத்து, ரெசினில் நனைத்து, அச்சில் சுற்றிச் சுற்றிக் காயவைத்த குழாய். துருவும் இல்லை, அரிப்பும் இல்லை, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

அதற்கு இருந்த ஒரே பலவீனம் மூட்டு. இரும்பென்றால் பற்றவைத்துவிடலாம். இதை இரண்டு நுனியையும் முட்டவைத்து, உரசிச் சொரசொரப்பாக்கி, ரெசினில் ஊறிய கண்ணாடித் துணியைப் படை படையாகச் சுற்றவேண்டும். இடையில் ஒரு சுருக்கம், ஒரு காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. அந்த வேலைக்கு மெஷின் இல்லை, கைதான். அங்கேதான் போட்காரனும் நெசவாளியும் தேவைப்பட்டார்கள்.

மூட்டுப் போட ஓர் அனுமதி அட்டை வேண்டும். பரீட்சை வைத்துத் தருவார்கள். நான் பாஸ். அவர் பெயில். அவருடைய கை குறைவு என்பதால் இல்லை. தாளில் எழுதியிருந்த ஒழுங்கை விட்டுவிட்டு, தனக்குச் சரியென்று பட்ட ஒழுங்கில் செய்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று பரீட்சைக்காரன் கேட்க, இவர் முடித்த மூட்டை விரலால் தட்டிக் காட்டினார். மூட்டு திறம், ஆள் பெயில். எனக்கு உதவியாளாகப் போட்டார்கள்.

ஆனால் துணி அவர் கைக்கு அடங்கியதுபோல் எனக்கு அடங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் செய்த காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். மூட்டுகளை அவரைப் போடவிட்டேன். ஒவ்வொரு மூட்டின்மேலும் போட்டவனுடைய இலக்கத்தைப் பெயின்ட் பேனாவால் எழுதவேண்டும். அவர் போட்ட மூட்டுகளின்மேல் நான் என்னுடைய பதினேழை எழுதினேன். ஒரு வருடமாகப் பதினேழாம் இலக்கத்தில் ஒரு மூட்டுக்கூடக் கசியவில்லை. பிலிப்பீன்காரரான சுப்பவைசர் மற்றவர்களுக்கு என்னைக் காட்டிப் படிப்பித்தார். எனக்குச் சம்பளமும் கூட்டினார்கள். காக்கா அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, நானும் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

எனக்கு அந்த வேலை தங்கச்சியுடைய வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காவிட்டால் கலியாணம் இல்லை. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அந்தச் சுமை என்னுடையது. நிந்தவூரில் ஒரு நல்ல இடம் பேசி முடித்திருந்தது. வீடு சுவர் எழும்பி, கூரை போட இருந்தது. காக்காவுக்கோ கலியாணத்துக்கு மூன்று குமர்ப்பிள்ளைகள், மூன்று வீடு.

இரண்டாவது வருடம் வளைவு மூட்டுகள் வந்தன. நேர்க் குழாயில் துணி சொன்னபடி கேட்கும். வளைவில் அது விறைத்துக்கொண்டு எழும்பும், சுருக்கம் விழும். அவர் துணியின் நுனியை விரலுக்கிடையில் உரசினார். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் அந்த வாளித் திருப்தி வந்தது.

"இதுலயும் கஞ்சி போட்டிரிக்கானுகள் தம்பி. அலசிட்டா வளையும்."

துணி வந்த பெட்டியில் ஒரு குடைப் படம் இருந்தது. நனையக்கூடாது என்று அர்த்தம். மழையே பெய்யாத ஊரில் குடை எதற்கு என்று நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பகிடி பண்ணியிருக்கிறோம். கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், வாசித்தும் இருந்தேன். ஆனால் அவருடைய கை ஒரு வருடமாகப் பிழைக்காத கை. அந்தக் கையால் சம்பளம் கூடியவன் நான். சுப்பவைசரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அட, கேட்டால் என்ன கேடு வந்திருக்கும்? அவரோடு இருந்து இருந்து எனக்கும் அந்தக் குணம் தொற்றியிருந்தது.

பின்னேரம் முகாமில் சுடுதண்ணீர் வைத்து, சவர்க்காரத் தூள் போட்டு, மூன்று வளைவுக்கான துணியை அலசினார். தண்ணீர் உண்மையாகவே கலங்கியது. அதைக் காட்டி, "பாத்தியா" என்றார். எங்கள் சாரன்களுக்குப் பக்கத்தில் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தோம். விடிய பஸ் வழமையைவிட நேரத்தோடு வந்துவிட்டது. அவர் சுபஹ் தொழுதுகொண்டிருந்தார். துணியை இழுத்து மடித்துப் பைக்குள் வைத்தது நான்.

துணி நன்றாகத்தான் வளைந்தது. வளைவில் தோல்போல ஒட்டி உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. சுப்பவைசர் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பதினேழு, பதினேழு, பதினேழு என்று மூன்றிலும் எழுதினேன்.

எண்ணெய் விடுவதற்கு முன் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். அழுத்தம் பாதிக்கு வரும்போது முதல் வளைவு பீறியது. பிறகு மற்ற இரண்டும். ஆட்கள் தூரத்தில் நின்றபடியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுப்பவைசர் மூட்டை அறுத்து, விளிம்பில் கத்தியைக் கொடுத்துக் கையால் இழுத்தார். வாழைமடல் கழல்வதுபோல் படை படையாகக் கழன்று வந்தது. உள்ளே பால் நிறம். துணியில் இருந்தது கஞ்சி இல்லை, ரெசினும் கண்ணாடியும் ஒன்றையொன்று பிடிப்பதற்காகக் கொம்பனியே பூசிய மருந்து என்று அவர் அப்போதுதான் விளக்கினார். துணிக்கு என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டார்.

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் கழன்ற துணியில் ஒரு துண்டை எடுத்து விரலுக்கிடையில் உரசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அவர் வாய் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். இலக்கம் என்னுடையது. அவர் போட்டார் என்று நான் சொன்னால் இலக்கத்தை இரவல் கொடுத்த குற்றம் வரும், இரண்டு பேரும் போகவேண்டும். அவரே சொன்னாலும் அதே கதைதான். எனக்கு அந்தக் கணக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் மனம் கணக்கா பார்க்கும்? ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குப் போதும். பார்க்கவில்லை. மூட்டில் என் இலக்கம் இருந்தபடியால் ஒரு கிழமையில் என்னை அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டியில் என்னுடைய பையைத் தூக்கி வைத்தார். அப்போதும் அவர் பேசவில்லை.

தங்கச்சியுடைய வீடு கூரையில்லாமல் இரண்டு மாரி நனைந்தது. நிந்தவூர்க்காரர்கள் ஆறு மாதம் பொறுத்தார்கள், பிறகு வேறு இடம் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஏலாது. நாலு வருடம் கழித்து அக்கரைப்பற்றில் மனைவியை இழந்த, வீடு கேட்காத ஒருவருக்கு அவளைக் கொடுத்தோம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகத்தான் அந்த வீட்டுக்குள் போனாள். ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அவர் மூன்று வீட்டையும் கட்டி முடித்துவிட்டுத்தான் ஊர் வந்தார். ஹாஜியார் ஆனார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். கல்முனைச் சந்தையில் கண்டால், தம்பி சுகமா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கையைப் பிடித்து விசாரிப்பார். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. ஒரு நோன்புப் பெருநாளைக்கு மகனிடம் எனக்கு ஒரு சாரன் கொடுத்தனுப்பினார். மருதமுனைச் சாரன், விலை கூடியது. விரித்துப் பார்த்தால் அலசியிருந்தது. அதுதான்டா அவர் கேட்கிற மன்னிப்பு என்று உம்மா சொன்னார். மன்னிப்பு என்றால் வாயால் கேட்கவேண்டும் என்று நான் கத்தினேன். அந்தச் சாரனை போட் ஒட்டும்போது உடுத்தி, ரெசின் பட்டு மரக்கட்டையாகும் வரை உடுத்தி, எறிந்தேன்.

பிறகு ஒரு நாள் சந்தித்தபோது அவருக்கு என் போனில் ஒரு வீடியோ காட்டினேன். அங்கே அரபு நாட்டில் வேலை செய்கிற சொந்தக்காரப் பையன் அனுப்பியது. பெரிய லொறியில் ஒரு மாபெரும் உருளை, அதில் சுற்றிய பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்குக்குள் பலத்துக்கு நூல் சுற்றியிருக்குமாம். லொறி போகப் போகக் குழாய் கழன்று மணலில் படுத்துக்கொண்டே போகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மூட்டு இல்லை. என்னையும் அவரையும்போல ஆட்களே தேவையில்லை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஜொயிண்ட் இல்லாட்டி ஆரப் பிழை பிடிக்கிற?" என்றார்.

சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த விஷயத்துக்குப் பக்கத்தில் அவர் வந்தது அந்த ஒரு தடவைதான். நானும் மேலே கேட்கவில்லை, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாரியில் அவர் வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்தார். மகன் என் வேலைத்தளத்துக்கு வந்து, வாப்பா உங்களைக் கட்டாயம் காணவேண்டுமாம் என்று கூப்பிட்டான். எங்கள் ஊரில் மன்னிப்பைப் பொருத்தம் என்போம். சாகக் கிடக்கிறவர் ஆளனுப்பிக் கூப்பிட்டால் பொருத்தம் கேட்கத்தான் கூப்பிடுவார். நான் கையிலிருந்த ரெசினைத் தின்னர் போட்டுக் கழுவி, குளித்து, நல்ல சட்டை போட்டேன். மருதமுனை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பரவாயில்லை காக்கா, அது எப்பவோ முடிந்த கதை. சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. பதினொரு வருடம் சுமந்ததை இறக்கப் போகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கை எலும்பாக இருந்தது. என் கையைப் பிடித்து, பழக்கதோஷத்தில் என் சட்டைக் கையை இரண்டு விரலால் உரசினார். பிறகு கதைத்தார்.

"அண்டைக்கு அந்தத் துணிய நீ காயாமத்தானே எடுத்த?"

எனக்கு விளங்கவில்லை.

"அலசினது பிழையில்ல. காயல்ல, அதான் கழண்டது. நான் தொழுதிட்டு வாறத்துக்குள்ள நீ எடுத்து மடிச்சிட்ட" என்றார். மூச்சு வாங்கினார். "நான் ஆருக்கிட்டயும் சொல்லல்ல. உன்னக் காட்டிக் குடுக்கல்ல. அல்லாக்குத் தெரியும். மௌத்துக்கு முந்திச் சொல்லணும் எண்டு இரிந்தன். உன்ன நான் பொருந்திட்டன், தம்பி."

அடப் பாவி மனிதா. பதினொரு வருடம் அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாராம். அந்த மௌனம், அந்த வண்டியில் பையைத் தூக்கி வைத்தது, அந்தச் சாரன், எல்லாம் எனக்குச் செய்த பெருந்தன்மையாம். கொம்பனி பூசிய மருந்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவர் அவர், சுப்பவைசர் முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டவரும் அவர். அதெல்லாம் ஏறவில்லை. உரசிப் பார்த்து முடிவெடுத்துவிட்டார். கேட்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையை உதறியிருப்பேன். உதறாததற்குக் காரணம் மரியாதை இல்லை. கொடியிலிருந்து எடுக்கும்போது அந்தத் துணி சில்லென்று இருந்தது. பனி நேரம். குளிரா ஈரமா என்று விரலுக்குத் தெரியவில்லை, பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான், நான் மடித்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உம்மாவிடம், தங்கச்சியிடம், ஒருவரிடமும் இல்லை.

சரி காக்கா என்றுதான் சொன்னேன். சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வசனம் அப்படியே என்னோடு திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் நின்று, வாப்பா யாருக்காவது ஏதும் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டான். சபையெல்லாம் பொருந்திவிட்டோம் என்றது. என் வாயும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாசமா என்பதுபோல் தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தால் தங்கச்சி அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்தாள். உம்மா சொல்லி அவளுக்கு எல்லாம் தெரியும், நான் போய்ப் பார்த்தது உட்பட. அடுப்படியில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"பொருத்தம் கேட்டாரு" என்றேன்.

"எனக்கிட்டயுமா?"

"ஓம். உனக்கிட்டயும்தான்."

அவள் தேயிலையை ஊற்றி, சீனி போட்டு, கலக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் எப்பவோ பொருந்திட்டன்" என்றாள்.

யாரை என்று நான் கேட்கவில்லை.